முதல் பூச்சு

கட்டி முடித்த பெட்டியோடு குடித்தனம் செய்துவிடலாம். காலிப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிடலாம். பாதி கட்டிய பெட்டி இருக்கிறதே, அது சொல்லாமல் கொள்ளாமல் வந்த சம்பந்தி மாதிரி. நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, போகிறேன் என்றும் சொல்லாது, இருக்கிறேன் என்றும் சொல்லாது. பெயிண்டர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குறுக்கே நடந்தவர்கள் எல்லாரும் அதில் கால் இடறி, இடறிய வலியில் டிவியைத் திட்டினார்கள்.

அது கடல் தாண்ட வேண்டிய பெட்டி. அந்தப் பக்கம் இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. பகல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ராத்திரி ஷிஃப்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே என்று பெயிண்டரும் அவர் சம்சாரமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி டிக்கெட் எடுத்தார்கள். சனிக்கிழமை விமானம். டிக்கெட் எடுத்த கை ஈரம் காயவில்லை, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் தும்மினான். அடுத்த வாரம் அந்தத் தும்மல் பக்கத்து நாட்டுக்கு வந்தது. இந்த வாரம் டிவிக்கே வந்துவிட்டது.

"போலாமா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் சம்சாரம். பழைய பருத்தித் துணியில் தைத்த குழந்தைத் துணிகளைப் பெட்டிக்குள் வைத்தாள். டிவியில் யாரோ இருமினார்கள். வைத்ததை வெளியே எடுத்தாள்.

"நான் என்ன டாக்டரா?"

"பொண்ணுக்கு அப்பன்தானே?"

"அவளையே கேளேன்."

மகளைக் கேட்டார்கள். போனில் மகள் முகம் உப்பியிருந்தது. "உங்க இஷ்டம்பா" என்றாள். "நான் வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. உங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தோணுதோ அப்படி." இதைச் சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தாள்.

சம்சாரத்தின் தம்பி ஒருவன் உண்டு. வேன் ஓட்டுகிறவன். ஊரில் நடப்பதையும் நடக்காததையும் முதலில் சொல்வதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் பெட்டி மூடிமேலேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான்.

"மாமா, போனா போனதுதான். போகலைன்னா பொண்ணு மனசுல அது காலத்துக்கும் நிக்கும். என்னைக் கேட்டா, நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

"நீ என்னடா சொன்ன?"

"அதான் சொன்னேனே!"

பெயிண்டருக்கு முடிவு என்றாலே ஆகாது. அதற்குத் தொழில்தான் காரணம். பெயிண்ட் அடிக்கிறவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், எந்த நிறம் அடிக்கலாம் என்று வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது. நீலம் என்று நீ சொல்லி, அவர் நீலம் அடித்து, மாமியாருக்கு அது பிடிக்காமல் போனால், "பெயிண்டர் சொன்னாருன்னுதான் அடிச்சோம்" என்று ஏழு தலைமுறைக்கும் உன் தலைதான் உருளும். ஆகவே நிறங்கள் அச்சடித்த ஷேடு கார்டை நீட்டி, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் இத்தனை வருஷமாக அப்படி நின்றவர். தன் வீட்டு முடிவு என்று வந்ததும் ஷேடு கார்டை யாரிடம் நீட்டுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் வாரியம் நினைவுக்கு வந்தது.

அயல்பயண அறிவுரை வாரியம் என்று முழுப்பெயர். ஊரின் பெரிய நாற்சந்தியில் நாலு மாடிக் கட்டடம். அதன் கூரைமேல் ஒரு பிரம்மாண்டமான இரும்புப் பலகை. அதில் ஒரு எழுத்து கிடையாது. நிறம் மட்டும்தான். பச்சை அடித்திருந்தால் வெளிநாடு போகலாம். மஞ்சள் என்றால் யோசித்துப் போகலாம். சிவப்பு என்றால் போகக் கூடாது. பலகை கட்டிய நாளிலிருந்து பச்சையாகத்தான் இருந்தது. பிறகு வெயிலிலும் மழையிலும் வெளுத்து, இப்போது பச்சை என்று சொன்னால் பச்சை, சாம்பல் என்று சொன்னால் சாம்பல். எழுத்து ஏன் இல்லை என்று ஒரு சமயம் யாரோ கேட்டதற்கு, "எழுதி வைத்தால் பிற்பாடு யாராவது படித்துக் காட்டுவார்கள்" என்று வாரியத்தின் இயக்குநர் விளக்கியிருந்தார்.

பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, சுவர் தேய்த்த தூசியோடும் சட்டையெல்லாம் பெயிண்ட் சொட்டோடும் வாரியத்துக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் இரண்டு ஜன்னல். ஒன்றில் "போக விரும்புவோர்", இன்னொன்றில் "போக விரும்பாதோர்." இரண்டிலும் நீளமான வரிசை. பெயிண்டர் முதல் வரிசையில் நின்று, கால் மரத்துப்போன பிறகு ஜன்னலை அடைந்தார்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் உள்ளே இருந்த அம்மா.

"இல்லீங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"முடிவு பண்ணிட்டு வாங்க. அப்புறம்தான் நாங்க அறிவுரை சொல்ல முடியும்."

"முடிவு பண்ணினதுக்கப்புறம் அறிவுரை எதுக்குங்க?"

"உங்க முடிவு உங்களோடதுதான்னு சொல்றதுக்கு."

பெயிண்டர் அடுத்த வரிசைக்குப் போனார். அந்த ஜன்னலிலும் ஒரு அம்மா. போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்தால், போகாததால் வரும் எதற்கும் வாரியம் பொறுப்பில்லை என்று அன்போடு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

"தெரியாதவங்களுக்கு ஜன்னல் இல்லீங்களா?"

"தெரியாதவங்க எதுக்குங்க இங்க வர்றாங்க?" என்று அந்த அம்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சுவர்த்தூசி தொண்டையில் கரகரத்தது. பெயிண்டர் இருமினார். அது இருபது வருஷத்து இருமல். வீட்டில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அது வெடிகுண்டு மாதிரி விழுந்தது. இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகி வாசலைத் தாண்டி ஓடியது. போக விரும்பியவர்களும் விரும்பாதவர்களும் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரே பக்கம் போனார்கள். ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. நடுக்கூடத்தில் பெயிண்டர் ஒற்றை மரமாக நின்றார்.

வாட்ச்மேன் தூரத்திலிருந்தே கையை நீட்டி அதட்டினார். "யாருய்யா நீ? என்ன சீக்கு?"

"சீக்கு இல்லண்ணே. தூசி. நான் பெயிண்டர்."

வாட்ச்மேனின் முகம் மலர்ந்தது. "பெயிண்டரா! இதை வந்ததும் சொல்றதுக்கென்ன? மேல உங்களுக்காகத்தான் காலைலேருந்து காத்துக்கிட்டு இருக்காங்க. போங்க, போங்க."

தன்னைப்போல் தெரியாதவர்களுக்குத்தான் மேலே தனி ஏற்பாடு இருக்கிறது போலும் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டு படியேறினார்.

மேலே குளிரூட்டிய அறையில் நீள மேசை. மேசையின் தலைமாட்டில் இயக்குநர். ஒரு பக்கம் வாரியத்து டாக்டர், எதிரே வாரியத்து வக்கீல், அவர்களுக்கு அந்தாண்டை விமானக் கம்பெனியின் பிரதிநிதி, இன்னும் பெயிண்டருக்கு யார் என்று புரியாத சில தலைகள். எல்லார் முன்னாலும் பிஸ்கட் தட்டு.

"வாங்க, உட்காருங்க. இல்ல, வேணாம், நில்லுங்க" என்றார் இயக்குநர். நாற்காலியையும் சட்டைச் சொட்டையும் பார்த்து அவரே தீர்த்துவைத்த முடிவு அது. அந்த அறையில் அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே வேகமானதும் அதுதான். "பலகைக்குப் புதுசா அடிக்கணும். என்ன நிறம்னு நாங்க விவாதிச்சுக்கிட்டிருக்கோம். ஷேடு கார்டு இருக்கா?"

ஷேடு கார்டு எப்போதும் சட்டைப்பையில் இருப்பதுதான். கை பழக்கத்தில் எடுத்து நீட்டிவிட்டார்.

"என் கருத்து சிவப்பு" என்றார் டாக்டர். "சந்தேகமே இல்லை. ஆனா அது என் கருத்துன்னு எங்கயும் பதிவு பண்ணாதீங்க. வெளியே கேட்டா நான் இன்னைக்கு லீவு."

"சிவப்பு அடிச்சா எங்க விமானம் எல்லாம் கோழிக்கூண்டா கிடக்கும்" என்றார் விமானக் கம்பெனிக்காரர். "பச்சை. வேணும்னா கொஞ்சம் கவலைப்படற பச்சை."

"பச்சை அடிச்சு ஒருத்தர் போய்ப் படுத்துட்டா வழக்கு போடுவாங்க" என்றார் வக்கீல். "சிவப்பு அடிச்சு போகாம இருந்து, அங்க ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டா அதுக்கும் வழக்கு போடுவாங்க. பலகை எதையும் சொல்லக் கூடாது. ஆனா சொன்ன மாதிரி இருக்கணும்."

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேச்சு என்று எல்லாருக்கும் தெரியும். பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து நம் அறிவுரையால் ஒரு உயிர்கூட பாதிக்கப்பட்டதில்லை. காரணம், நாம் இதுவரை யாருக்கும் அறிவுரை சொன்னதில்லை. இந்தப் பெருமையை ஒரு கிருமிக்காக இழக்க நான் தயாராக இல்லை. மக்கள் நம்மிடம் கேட்பது பதில் அல்ல. கேட்பதற்கு ஓர் இடம்! அந்த இடத்தை நாம் கொடுத்திருக்கிறோம். நாலு மாடி, லிஃப்ட் வசதியோடு."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லாரும் ஷேடு கார்டின்மேல் குனிந்தார்கள். எலுமிச்சைக்கும் இளந்தளிருக்கும் நடுவே ஒரு நிறம் உண்டு. காலை வெயிலில் பச்சையாகத் தெரியும், சாயங்காலம் மஞ்சளாகத் தெரியும், மேகம் மூடினால் எதுவாகவும் தெரியாது. இயக்குநர் அதன்மேல் விரலை வைத்தார். விமானக் கம்பெனிக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். டாக்டர் தான் லீவு என்று இன்னொரு தடவை சொன்னார்.

பெயிண்டர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் நாற்காலியோடு பின்வாங்கினார்கள்.

"ஐயா, ஒரு விஷயம். எம்பொண்ணுக்கு அங்க பிரசவம். சனிக்கிழமை டிக்கெட். போலாமா, வேணாமாங்க?"

"அருமையான கேள்வி" என்றார் இயக்குநர். "அதைத்தான் பலகை சொல்லும்."

"பலகை என்ன சொல்லும்ங்க?"

"அதை நீங்கதானே அடிக்கப் போறீங்க?"

வக்கீல் வேலை உத்தரவை நீட்டினார். "ஒரு விதி இருக்கு. தொடங்கினவரேதான் முடிக்கணும். நடுவுல வேற ஆள் கை வைக்கக் கூடாது. முன்ன ஒரு தடவை ரெண்டு பேர் அடிச்சு, பெயிண்ட் உரிஞ்சு, அவன்தான் இவன்தான்னு ஒரே சண்டை. அதுலேருந்து ஒரே பலகை, ஒரே ஆள்."

பெயிண்டர் கையெழுத்துப் போட்டார். தான் கேட்க வந்தது என்ன, கொண்டுபோவது என்ன என்று யோசித்துக்கொண்டே மொட்டைமாடிக்கு ஏறினார்.

பலகையைக் கிட்டப் பார்த்ததும் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. ஊரே அண்ணாந்து பார்க்கும் பலகை, அதில் துரு பொரிப்பொரியாகக் கிளம்பிக் கிடந்தது. துருமேல் எலுமிச்சை அடித்தாலும் இளந்தளிர் அடித்தாலும் மூன்று மாதத்தில் அப்பளமாகக் கிளம்பிவிடும். உலகமே அழியட்டும், இரும்புக்கு இரும்பின் முறைப்படிதான் செய்ய வேண்டும். மாடியில் தயாராக வைத்திருந்த சாமான்களிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்துச் சுரண்டினார். உப்புத்தாளால் தேய்த்தார். பழைய பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் பறந்தது. துடைத்து எடுத்த பிறகு, இரும்புக்கு எந்தப் பெயிண்டரும் முதலில் அடிக்கும் அடிப்பூச்சை அடித்தார். ரெட் ஆக்சைடு பிரைமர். செங்கல்லைக் கரைத்து ஊற்றிய மாதிரி நிறம். ஒரு மூலை விடாமல் அழுத்தி அடித்தார். காலையில் காய்ந்துவிடும், மேலே இயக்குநர் தொட்ட நிறத்தை அடித்துவிடலாம் என்று கணக்கு.

கீழே நாற்சந்தியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். வண்டிகள் நின்றிருந்தன. கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். ஜனங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள். பெயிண்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் அவர் பிரைமர் அடித்ததை ஒருத்தரும் நின்று பார்த்ததில்லை. வீட்டுக்காரர்கள்கூட "மேல்பூச்சு எப்ப?" என்றுதான் கேட்பார்கள். அவர் மரியாதைக்குக் கையை அசைத்தார். கீழே ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவ்வளவு நல்லாவா இருக்கு என்று நினைத்த நேரத்தில் போன் அடித்தது. ரேடியோ.

"மாமா! எங்க இருக்கீங்க? சிவப்பு போட்டுட்டாங்க மாமா! வாரியத்துல சிவப்பு! டிவில ஓடுது! யாரோ ஒரு ஆபீசர் கூரைமேல நின்னு ஜனங்களுக்குத் தைரியம் சொல்லிக் கைகாட்டுறாரு!"

"எந்த ஆபீசர்டா?"

"முகம் தெரியல. பொறுப்பான ஆளு மாதிரி இருக்காரு."

பெயிண்டர் படியில் விழுந்தடித்து இறங்குவதற்குள் எதிரே இயக்குநரும் வக்கீலும் விழுந்தடித்து ஏறிவந்தார்கள்.

"யார்யா சிவப்பு அடிக்கச் சொன்னது?" என்றார் இயக்குநர்.

"சிவப்பு இல்லீங்கய்யா, பிரைமர்."

"பிரைமர்னா?"

"அடியில அடிக்கிறதுங்க."

"எதுக்கு அடியில?"

"நீங்க சொன்ன நிறத்துக்கு அடியிலங்க. இது ஒண்ணும் சொல்லாதுங்க. இதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நாளைக்குக் காலைல உங்க நிறம் வந்துரும்."

"அர்த்தம் இல்லாததுக்கு ஏன்யா இவ்வளவு சிவப்பு?" என்று வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்ப இது பிரைமர்னு சொன்னோம்னா, வாரியத்துக்குக் கருத்தே இல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. சொல்லலைன்னா, சிவப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அழிச்சா, பச்சைன்னு சொன்ன மாதிரி."

"துணி போட்டு மூடிரலாமாங்க?" என்றார் பெயிண்டர்.

"மூடினா, மறைக்கிறோம்னு சொல்லுவாங்க" என்றார் வக்கீல்.

அந்த நேரத்தில் இயக்குநரின் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் விறைத்து நின்றார். அமைச்சர். இயக்குநர் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. "நன்றிங்கய்யா… ஆமாங்கய்யா… நாங்கதான் முதல்ல… இல்லீங்கய்யா, பயப்படல… கடமைங்கய்யா" என்றார். போனை வைத்தபோது அவர் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் வாசலில் மைக் வந்துவிட்டது.

"நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வாரியம் துணிந்து இந்த முடிவை எடுத்திருக்கிறது" என்றார் இயக்குநர். "நாங்கள் அவசரப்பட்டு எதையும் செய்கிறவர்கள் அல்ல. இந்தப் பலகையின் துருவைப் பார்த்தாலே உங்களுக்கு அது தெரிந்திருக்கும்."

"சிவப்பு ஏன் செங்கல் மாதிரி இருக்கு?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"இது வழக்கமான சிவப்பு அல்ல. ஆழ்ந்த சிந்தனை கலந்த சிவப்பு."

டாக்டர் லீவை ரத்து செய்துவிட்டு முன்வரிசைக்கு வந்து, சிவப்பு தன் கருத்து என்று இரண்டு சேனலுக்குச் சொன்னார். விமானக் கம்பெனிக்காரர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வக்கீல் பெயிண்டரை ஓரமாக அழைத்தார். "மேல்பூச்சு இப்ப வேணாம். மறு உத்தரவு வர்ற வரைக்கும் அடிப்பூச்சுதான் மேல்பூச்சு. ஆனா வேலை உங்க பேர்ல தொடங்கியாச்சு. அது திறந்தே இருக்கும். நீங்கதான் முடிக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க. எம்பொண்ணு விஷயம்…"

"பலகையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வக்கீல் மைக்கை நோக்கி ஓடினார்.

பெயிண்டர் நாற்சந்தியில் நின்று பலகையைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு ஆள், தோளில் பையோடு, "அப்பாடா" என்றார். "ரெண்டு வாரமாத் தூக்கமில்ல சார். போகணுமா வேணாமான்னு பொண்டாட்டியோட தினம் சண்டை. இப்ப அரசாங்கமே சொல்லிருச்சு. இனி யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது."

பெயிண்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பலகை பதில் சொல்லாத ஒரே ஆள் அதை அடித்தவர்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அது சிவப்பு. அவர் கண்ணுக்கு அது பிரைமர்.

வீட்டுக்குப் போனால், பெட்டி காலி. சம்சாரம் குழந்தைத் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். ஆனால் பாரம் இறங்கிய முகம்.

"சிவப்பு போட்டுட்டாங்களாமே" என்றாள். "போகுதுங்க. எவனோ ஒரு புண்ணியவான் சொல்லித் தொலைச்சான். நம்ம தலைல முடிவு வைக்காம விட்டானே."

பெயிண்டர் கை கழுவப் போனார். தின்னர் ஊற்றித் தேய்த்தும் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. அவர் விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக்கும் பதில் கிடைத்த மாதிரி ஆகியிருக்கும். பெண் பிற்காலத்தில் கேட்டால், அரசாங்கம் சொல்லிருச்சும்மா என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூட வாழ்கிறவளைப் பிரைமரைக் காட்டி ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை.

வந்து அவள் எதிரே, காலிப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் புண்ணியவான் நான்தான்" என்றார்.

ஒன்று விடாமல் சொன்னார். ஜன்னல், இருமல், பிஸ்கட், எலுமிச்சை, துரு, எல்லாம். "கை காட்டின ஆபீசர்" என்று சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிந்தனை கலந்த சிவப்பு" என்றதும் பொத்தின கையும் மீறிச் சிரிப்பு பீறிட்டது. குழந்தைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

"சரி. அப்ப நீங்க சொல்லுங்க."

தப்ப வழி இல்லை. ஷேடு கார்டு வாரியத்து மேசையிலேயே தங்கிவிட்டது. பெயிண்டர் கையைப் பார்த்தார். விமானத்தில் அவர் ஒரு தடவை இருமினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அது தூசி இருமலாகவே இருக்கட்டும். பக்கத்து ஆளின் இருமல்? அதை வாங்கிக்கொண்டு போய், பிறந்து கண் திறக்காத சிசுவின் நெற்றியில் மூக்கை வைத்து முகர்வதா? அங்கே பெண் ஒற்றையாக வலியில் புரள்வதும் கண்ணுக்குள் வந்தது. இரண்டில் எது சரி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் லீவில் இருந்தார்கள்.

"போக வேணாம்" என்றார். "நான் சொல்றேன். போக வேணாம். தப்பாப் போனா எம்மேல போடு."

"அதென்ன உங்க மேல மட்டும்?" என்றாள். "பாதி எம்மேலயும் இருக்கட்டும்." பிறகு போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஆனா இதை அவகிட்ட நீங்கதான் சொல்லணும்."

மகள் எடுத்ததுமே, "இங்கயும் காட்டினாங்கப்பா. உங்க ஊர்ல போர்டு சிவப்பாமே. போகக் கூடாதாமே" என்றாள்.

"போர்டை விடும்மா. போர்டு ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். நாங்க வரல. முடிவு பண்ணினது உங்கப்பன்தான். திட்டணும்னா என்னைத் திட்டு."

மகள் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பெயிண்டர் போனை உலுக்கினார். நிற்கவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்பா. வராதீங்கன்னு. எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. வந்து உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா… ஆனா நான் வராதேன்னு சொன்னாலும் நீங்க வந்துருவீங்கன்னு ஒரு ஆசையும் இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சுப்பா."

"எனக்கும்தாம்மா" என்றார்.

சனிக்கிழமை வருவதற்குள் விமானம் எல்லாமே நின்றுவிட்டது. அதனால் தன் முடிவு சரி என்று பெயிண்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சரியான முடிவு வலிக்காது என்று யார் சொன்னார்கள்? பிரசவத்தன்று ரேடியோ உட்பட மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண் குழந்தை. மகள் வீடு திரும்பியதும், அம்மா பக்கத்தில் இல்லாததால், போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்லிக்கொடுத்தாள் சம்சாரம். "கழுத்துல கை, கழுத்துல கை! மாப்ள, அது பாத்திரம் இல்ல, பிள்ளை!" என்று அவள் போட்ட சத்தம் கடல் தாண்டப் போன் தேவைப்பட்டிருக்காது.

வாரியத்துக்குப் பாராட்டுக் கேடயம் ஒன்று கிடைத்தது. பலகைக்கு இரண்டு காவலர் போட்டார்கள். இயக்குநர் "முன்கூட்டியே சிவந்தோம்" என்ற தலைப்பில் பல ஊர்களில் பேசினார்.

பிறகு நோய் மெல்ல அடங்கியது. விமானங்கள் கோழிக்கூண்டிலிருந்து வெளியே வந்தன. வாரியம் கூடியது, கலைந்தது, கூடியது. பக்கத்து நாடுகள் எல்லாம் வாசலைத் திறந்து கோலாகலமாக இருக்கும்போது, பச்சை அடிக்கலாமா என்று ஷேடு கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. அது பெயிண்டருடைய ஷேடு கார்டு.

பெயிண்டர் பலகையைப் பார்க்கவில்லை. அதன்மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சம்சாரத்தைப் பார்த்து, "போலாம்" என்றார். அவ்வளவுதான். பெட்டி ஒரே மூச்சில் நிறைந்தது. பழைய குழந்தைத் துணிகள் இனிப் பத்தாது என்று புதிதாகப் பெரிய அளவில் தைத்து வைத்திருந்தாள்.

அவர்கள் மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இயக்குநர்.

"எங்கய்யா போனீங்க? வாரியம் பச்சைன்னு முடிவு பண்ணிருச்சு! ஏகமனதா! உடனே வந்து அடிங்க."

"நான் வெளிநாட்டுல இருக்கேங்கய்யா."

"வெளிநாடா? பலகை சிவப்பா இருக்கும்போது எப்படிய்யா போனீங்க?"

"அது பிரைமருங்கய்யா."

"வேற ஆள வெச்சு அடிக்கவும் வக்கீல் விட மாட்டேங்கிறாரு. தொடங்கினவர்தான் முடிக்கணுமாம். ஊர்ல ஒரு பய நகர மாட்டேங்கிறான். நீங்க எப்பத் திரும்பி வருவீங்க? அதையாவது திட்டவட்டமாச் சொல்லுங்க!"

பெயிண்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடந்துவந்து நடுக்கூடத்தில் நின்றது. போனுக்குள் மட்டுமே பார்த்திருந்த இரண்டு முகங்கள், கையும் காலுமாக வாசலில் நிற்பதைப் பார்த்து அதற்குத் திகைப்பு. ஒரு காலை முன்னால் வைத்தது. திரும்ப எடுத்துக்கொண்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மகள் "போ" என்று சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சம்சாரம் கையை நீட்டப் போனவள் தானாகவே மடக்கிக்கொண்டாள்.

"ஹலோ? சொல்லுங்கய்யா! ஜனங்க கேக்குறாங்களே, நான் என்ன சொல்றது?"

"உங்க இஷ்டம்னு சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெயிண்டர் போனை வைத்தார். அப்படியே தரையில் மண்டியிட்டார்.

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, யாரையும் கேட்காமல், விழுந்தும் எழுந்தும் நேராக அவரிடம் வந்து, நகக்கண்ணில் இன்னும் சிவப்பு போகாத அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.